இல்லாத அக்காவின் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்

காலை ஏழு மணிக்கு வானொலியில் ஒலிக்கும் குரலுக்குச் சொந்தக்காரரை ஊரார் அனைவரும் 'கொட்டாவி' என்றே அழைத்தனர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அலுவலக அடையாள அட்டையில் மட்டும் வாழ்ந்து வந்தது. நிகழ்ச்சி தொடங்கிய முதல் நாளன்று, போக்குவரத்து நெரிசல் பற்றிய அறிவிப்பை வாசிக்கையில், அவர் மூன்று முறை கொட்டாவி விட்டார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தபோது நான்காவதும் வந்துவிட்டது. நேயர்கள் அதை ஒரு புதுவகை நகைச்சுவை என்று கருதி, தாங்களும் கொட்டாவி விட்டபடியே சிரித்தனர். பெயரும் நிலைத்தது, நிகழ்ச்சியும் நிலைத்தது.

வானொலிக்கு வருமுன் அவர் மேடையில் தனியாளாக நின்று நகைச்சுவை பேசியவர். அவருடைய முதல் மேடை, ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் அமைந்தது. பார்வையாளர் பன்னிரண்டு பேர். அவர்களுள் ஐவர் சோபா பார்க்க வந்து படி மாறி ஏறியவர்கள். பேருந்தைப் பற்றிப் பேசினார், ஒருவரும் சிரிக்கவில்லை. தம் உயரத்தைப் பற்றிப் பேசினார், இரக்கப்பட்டார்கள். வியர்வை காதுக்குள் இறங்கத் தொடங்கியபோது, வாய் தானாக இப்படித் தொடங்கிற்று:

"எங்க அக்கா இருக்காளே... நான் பொறந்ததும் என்னைப் பார்த்துட்டு, 'இதுல ஏதோ கோளாறு இருக்கு'ன்னு சொல்லிட்டா. அப்படியே தூக்கிக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில திருப்பிக் கொடுத்தா. கவுன்ட்டர்ல, 'பில் இருக்கா?'ன்னு கேட்டாங்க. பில் இல்லை. அதனாலதான் இன்னிக்கு உங்க முன்னாடி நிக்கறேன்."

சோபா பார்க்க வந்தவர்களுள் ஒருவர் சிரித்தார். அந்த ஒற்றைச் சிரிப்பின்மேல்தான் ஒரு வாழ்க்கை முழுவதும் கட்டப்பட்டது.

உண்மை என்னவெனில், அவருக்கு அக்கா கிடையாது. அண்ணன், தம்பி, தங்கை எவரும் கிடையாது. ஆனால் அந்த அக்கா மேடைக்கு மேடை வளர்ந்தாள். தலையணைக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எழுதி ஒட்டினாள். பல் துலக்குவதற்கு விசில் ஊதினாள். அலமாரியில் காலுறைகளை வயதுவாரியாக அடுக்கினாள். வானொலியில் ஐந்தாண்டுகள் அன்றாடம் வந்து, நாட்டு நடப்பு அனைத்தின்மீதும் கருத்துச் சொன்னாள். கொட்டாவியோடு வசித்துவந்த அவருடைய அம்மாவிடம் பக்கத்து வீட்டார், "உங்க பொண்ணு எங்க இருக்கா?" என்று கேட்டபோது, அந்த அம்மாள் சங்கடம் தாளாமல், "வெளியூர்ல" என்று சொல்லிவிட்டார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார்கள். அன்று முதல் அம்மா மாடிப்படியில் யாரையும் எதிர்கொள்ளாமல் மின்தூக்கியிலேயே போய்வந்தார்.

இவ்வாறு எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, நிலைய இயக்குநர் அவரைத் தம் அறைக்கு அழைத்தார்.

"வெள்ளிக்கிழமையோட உங்க நிகழ்ச்சிக்கு அஞ்சு வருஷம் நிறையுது. உங்க அக்காவைக் கூட்டிட்டு வாங்க. நேரலையில பேசட்டும்."

"அவ ரொம்ப பிஸி சார்."

"என்ன வேலை?"

"என்னைத் திட்டறது."

இயக்குநர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த கடிதமொன்றைத் தட்டினார். "அப்படி ஒரு அக்காவே கிடையாதுன்னு ஒரு நேயர் எழுதியிருக்கார். போன வருஷம் அக்காவுக்குக் கால் உடைஞ்சதுன்னு சொன்னீங்க. நாலு மூட்டை கடிதம் வந்தது. ஆறு ஊன்றுகோல் வந்தது. ஒரு சக்கர நாற்காலி வந்தது. அந்த நாற்காலி இப்ப எங்க இருக்கு?"

கொட்டாவி தலை குனிந்தார். ஒலிபரப்பு அறையில் அவர் அமர்வது அந்த நாற்காலியில்தான்.

"அக்கா உண்மைன்னா வெள்ளிக்கிழமை வரட்டும். பொய்ன்னா, ஏழு மணியை வானிலைக்காரருக்குக் கொடுத்துடுவேன்."

"அவர் சொல்றதும் பொய்தானே சார்?"

"அவர் பொய்க்கு ஒரு அறிவியல் அடிப்படை இருக்குய்யா."

கொட்டாவிக்கு வேறு தொழில் தெரியாது. முன்னொரு காலத்தில் ஒரு காப்பீட்டு அலுவலக வரவேற்பில் ஒன்பது நாள் பணியாற்றினார். பத்தாம் நாள், வீடு தீப்பற்றியது என்று அழுதுகொண்டே வந்தவரிடம், "குளிர்காலத்துல எரிஞ்சிருந்தா உபயோகமா இருந்திருக்கும்" என்றார். ஏழு மணி போனால் மேடையும் போகும். மேடை போனால் அவரிடம் எஞ்சுவது கொட்டாவி மட்டுமே.

செவ்வாய்க்கிழமை ஒரு நாடக நடிகையை அக்காவாக நடிக்க அழைத்துப் பார்த்தார். அந்த அம்மையார், "தம்பீ!" என்று கூவி அவரைக் கட்டிக்கொண்டு பதினொரு நிமிடம் அழுதார். "உனக்காக நான் கல்யாணமே பண்ணிக்கலையேடா!" என்றார். அக்காவுக்குக் கணவர் இருக்கிறார் என்று நினைவூட்டியதும், "அப்படின்னா அவருக்காகவும் அழணுமா?" என்று கேட்டார். கொட்டாவியின் சட்டை காய்வதற்கு மாலை ஆயிற்று.

புதன்கிழமை காலை, ஐந்தாண்டுகளில் அக்காவைப் பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்று சரிபார்ப்பதற்காக அவர் ஒலிநாடா அறைக்குச் சென்றார். அங்கே தரையிலிருந்து கூரைவரை இரும்பு அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் எண்ணிட்ட நாடாப் பெட்டிகள். நடுவில், முதுகு வளையாமல், ஒலிநாடாக் காப்பாளர் அமர்ந்திருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. நிலையத்தில் இயக்குநர் உட்பட எல்லாரும் அவரை 'மேடம்' என்றே அழைப்பர். நாடாவை ஒரு நாள் தாமதமாகத் திருப்பிக் கொடுத்த செய்தி வாசிப்பாளர் ஒருவரை அவர் வாசலிலேயே நிற்கவைத்து, அன்றைய செய்தியை முழுவதும் வாசிக்கச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

"கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வாங்க," என்றார் காப்பாளர்.

கொட்டாவி கையெழுத்திட்டார்.

"நேரம் எழுதல."

நேரமும் எழுதினார். பிறகு, "மேடம், எங்க அக்காவைப் பத்தி நான் பேசினது எல்லாம்..." என்று இழுத்தார்.

காப்பாளர் எழுந்து, கீழடுக்கிலிருந்து நீண்ட மரப்பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே வெள்ளை அட்டைகள் வரிசையாக நின்றன.

"நானூத்திப் பன்னிரண்டு அட்டை. தேதி, நிகழ்ச்சி, என்ன சொன்னீங்க, எல்லாம் இருக்கு. முன்னுக்குப் பின் முரணா சொன்னதுக்குச் சிவப்பு அட்டை."

"சிவப்பு எத்தனை?"

"பாதிக்கு மேல. உங்க அக்கா உங்களைவிட மூணு வயசு பெரியவங்க, ஏழு வயசு பெரியவங்க, ஒரு தடவை ரெண்டு வயசு சின்னவங்க. உங்களுக்கு மூணு அத்தான் இருக்காங்க. ஒருத்தர் பல் டாக்டர். ஒருத்தர் ரயில் ஓட்டறவர். ஒருத்தர் இறந்துட்டார்."

"அது... அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் மேடம்."

"எந்த ஒருத்தர்? அதை நீங்க சொல்லவே இல்லை. நாலு வருஷமா அந்த அட்டையை மூட முடியாம வெச்சிருக்கேன்."

கொட்டாவி நாற்காலியில் சரிந்தார். காப்பாளர் அட்டைப் பெட்டியை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு அக்கா கிடையாதுங்கறது எனக்கு முதல் வருஷமே தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி 'புதிய முகங்கள்' நிகழ்ச்சிக்கு நீங்க பேட்டி கொடுத்தீங்க. 'வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை'ன்னு அதுல சொல்லியிருக்கீங்க. நாலாவது அடுக்கு, எண் எழுபத்தேழு."

"அதை அழிச்சுடலாமா மேடம்?"

காப்பாளர் பார்த்த பார்வையில் அவருக்கு மீண்டும் கையெழுத்திடத் தோன்றிற்று.

"இந்த அறையில எதையும் அழிக்கறது இல்ல."

அழிப்பதற்கில்லை என்றதும் கொட்டாவி வேறொன்றைக் கேட்டார். கேட்கும்போது அவருடைய குரல், மேடையில் ஒருவரும் சிரிக்காதபோது ஒலிக்கும் குரலாக இருந்தது. "மேடம், வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம். நீங்களே எங்க அக்காவா வர முடியுமா? அந்த அட்டை எல்லாம் மனப்பாடமா தெரிஞ்சவங்க இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். எனக்கே தெரியாது."

காப்பாளர் நெடுநேரம் பேசவில்லை. யோசிக்காமல் விடை சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. பின்னர், "மூணு நிபந்தனை," என்றார். "ஒண்ணு, சிவப்பு அட்டையை எல்லாம் நான்தான் தீர்ப்பேன். ரெண்டு, நான் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. மூணு, அக்காவைத் தம்பி 'மேடம்'னு கூப்பிட மாட்டான். வா, போன்னு பேசணும். எங்க, சொல்லுங்க பார்ப்போம்."

"அக்கா... வா... ங்க."

"இது தேறாது," என்றார் காப்பாளர். ஆயினும் ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் கொட்டாவி, வாயால் வாழ்பவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையைச் செய்தார்.

ஒலிபரப்பு அறைக்கு வெளியே, நடைவழியில், 'அவசரப் பெட்டி' என்ற இயந்திரம் ஒன்று உண்டு. ஒலிபரப்பில் பதினைந்து விநாடி தொடர்ந்து ஒரு சத்தமும் இல்லாவிட்டால், நிலையத்துக்கு ஏதோ கேடு நேர்ந்துவிட்டது என்று அது தானே முடிவுசெய்து, தன்னுள் இருக்கும் நாடாவை ஒலிக்கவிடும். உள்ளே ஒரு வயலின் இசைநாடா இருந்தது. பதினோராண்டுகளாக அது ஒருமுறைகூட ஒலித்ததில்லை. ஒலிப்பொறியாளர் அதன்மேல் தம் குடையையும் சாப்பாட்டுப் பையையும் வைத்துக்கொள்வார். அந்த இயந்திரத்தின் பயன் அதுவே என்று பலரும் எண்ணியிருந்தனர்.

எழுபத்தேழாம் எண் நாடாவை எவரும் ஒருபோதும் கேட்க முடியாத ஓர் இடத்தில் ஒளித்துவைக்க வேண்டும் என்று கொட்டாவி விரும்பினார். காப்பாளர் சாப்பிடச் சென்ற நேரம் பார்த்து அதை எடுத்தார். வயலின் நாடாவை வெளியே எடுத்துவிட்டு, எழுபத்தேழை அவசரப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு வானொலியில் பதினைந்து விநாடி மௌனம் நிலவும் என்பது அவருடைய கற்பனைக்கு எட்டவே இல்லை. அவர் தூக்கத்தில்கூட அவ்வளவு நேரம் சும்மா இருந்தவர் அல்லர்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அக்கா ஒலிபரப்பானார்.

கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் கைகட்டி நின்றார். அவருக்கருகே வானிலைக்காரர், ஏழு மணிக்கு அணிவதற்கென்று வாங்கிய புதுச்சட்டையோடு நின்றார். சக்கர நாற்காலியைக் கண்ட காப்பாளர், "கால் எனக்குத்தானே உடைஞ்சது? எந்திரிடா," என்று தொடங்கினார். கொட்டாவி எழுந்து நின்றார். காப்பாளரோ, அதில் உட்கார்ந்தால் முதுகு வளையும் என்று அதை அவருக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வேறொரு நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தார். நிகழ்ச்சி முழுவதும் நின்றபடியே இருந்தார்.

முதல் நேயர் ஒரு தையற்காரர். "அக்கா, உங்க வீட்டுக்காரர் பல் டாக்டரா, ரயில் ஓட்டறவரா?"

"பல் டாக்டர்தான். வேலைக்கு ரயில்ல போவார். இவன் எதையும் அரைகுறையா கேட்டுட்டு வந்து மேடையில சொல்லுவான்."

"அப்ப இறந்துபோனது யாரு?"

"யாரும் இல்ல. அவர் மதியம் தூங்குவார். இவன் எட்டிப் பார்த்துட்டு ஊரெல்லாம் சொல்லிட்டான்."

கண்ணாடிக்கு அப்பால் இயக்குநரின் தோள்கள் குலுங்கின. ஒலிப்பொறியாளர் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். கொட்டாவி இடையில் ஒரு சொல் பேச வாய் திறந்தார், காப்பாளர் ஒரு விரலை உயர்த்தினார், வாய் மூடிற்று. சிவப்பு அட்டைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. ஏழு வயது வித்தியாசம் ஏன் மூன்றாயிற்று என்றதற்கு, "நாலு வருஷம் இவனை நான் கணக்குலயே சேர்த்துக்கல," என்றார். தொலைபேசி விளக்குகள் பதினெட்டும் எரிந்தன. வானிலைக்காரர் புதுச்சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

ஏழு ஐம்பதுக்கு ஒரு சிறுமி அழைத்தாள்.

"அக்கா, எப்பவும் திட்டிக்கிட்டே இருக்கீங்களே, உங்க தம்பியை உங்களுக்குப் பிடிக்குமா?"

காப்பாளர் விடை சொல்ல வாய் திறந்தார், மூடினார். நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளுள் இதற்கு அட்டை இல்லை. ஐந்தாண்டுகளில் கொட்டாவி இதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. சரிபார்க்காத ஒன்றைச் சொல்லும் பழக்கமும் காப்பாளருக்கு இல்லை. எனவே, அவர் யோசிக்கத் தொடங்கினார்.

நான்கு விநாடி. கொட்டாவி புன்னகைத்தார்.

ஏழு விநாடி. அவருக்கு அவசரப் பெட்டி நினைவுக்கு வந்தது.

ஒன்பது விநாடி. "அக்—" என்று தொடங்கினார். விரல் உயர்ந்தது. ஒலிவாங்கி அக்காவின் பக்கம் திரும்பியிருந்ததால் அந்த அரைச்சொல் எங்கும் போய்ச் சேரவில்லை. இரும வேண்டும் என்று தோன்றியது. தொண்டை, வாழ்நாளில் முதன்முறையாக, வறண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டலாம் என்று பின்வாங்கியவர் சக்கர நாற்காலியில் இடறி விழுந்து, சத்தமின்றி, அழகாக, சுவர்வரை உருண்டார். அந்தச் சக்கரங்களுக்கு அன்று காலைதான் ஒலிப்பொறியாளர் எண்ணெய் விட்டிருந்தார்.

பதினைந்து.

நடைவழியில் ஒரு குடை கீழே விழுந்தது. ஊரெங்கும் வானொலிப் பெட்டிகளில் எட்டாண்டு இளைய கொட்டாவியின் குரல் கணீரென்று எழுந்தது:

"இல்லைங்க, எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமே கிடையாது. வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. ஒரு அக்கா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். எது உடைஞ்சாலும் நான்தான்னு உடனே தெரிஞ்சுடுது பாருங்க."

ஒலிப்பொறியாளர் ஓடினார். பெட்டியை நிறுத்தும் விசை எங்கே இருக்கிறது என்பது பதினோராண்டுகளில் அவருக்கு மறந்துவிட்டது. சாப்பாட்டுப் பைக்கு அடியில் இருந்தது. அவர் அதைக் கண்டுபிடிப்பதற்குள் பேட்டி முழுமையாக ஒலித்து முடிந்திருந்தது. இயக்குநரின் சிரிப்பு நின்றது. வானிலைக்காரர் மேல்பொத்தானை மறுபடியும் போட்டுக்கொண்டார். கொட்டாவி சுவரோரம், சக்கர நாற்காலியில், கண்களை மூடிக்கொண்டு தம் வருங்காலத்தைப் பார்த்தார். அங்கே ஒரு காப்பீட்டு அலுவலகம் இருந்தது.

ஒலிவாங்கியில் காப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"கேட்டியாம்மா?" என்றார் சிறுமியிடம். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி, என்னோட கைக்கடிகாரத்தை இவன் உடைச்சுட்டு, நான் இல்லைன்னு சாதிச்சான். மூணு மாசம் நான் இவன்கூடப் பேசல. அந்தக் கோபத்துல ரேடியோவுக்குப் போய், அக்காவே கிடையாதுன்னு சொல்லிட்டு வந்தான். அந்த டேப்பை இத்தனை வருஷமா நான் பத்திரமா வெச்சிருக்கேன். இப்ப நீ கேக்கறே, பிடிக்குமான்னு."

கண்ணாடிக்கு அப்பால் வானிலைக்காரரின் கை மேல்பொத்தானிலேயே நின்றது. பிறகு இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார். தொலைபேசி விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. அழைத்தவர்கள் அனைவரும் கொட்டாவியைத்தான் கேட்டார்கள்.

"ஏம்ப்பா, கூடப்பொறந்தவளை இல்லைன்னு சொல்ல எப்படிய்யா வாய் வந்துச்சு?" என்றார் ஒரு முதியவர்.

"அந்தக் கடிகாரத்தை முதல்ல சரி பண்ணிக் குடுங்க தம்பி," என்றார் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர். "நான் சும்மாவே பார்த்துத் தரேன்."

"மன்னிப்புக் கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்," என்றார் ஓர் ஆசிரியை.

இல்லாத அக்காவை இல்லை என்று சொன்ன குற்றத்துக்காக, கொட்டாவி, ஊர் கேட்க, ஒலிவாங்கியை நெருங்கினார்.

"அக்கா, மன்னிச்சுடு. இனிமே சொல்ல மாட்டேன். நீ கோவிச்சுக்காதே."

சொல்லி முடித்த பிறகுதான், 'வாங்க', 'போங்க' எதுவும் ஒட்டாமல் அது தானாக வந்துவிட்டதை அவர் உணர்ந்தார். காப்பாளரும் உணர்ந்தார், ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஏழு மணி உங்களுக்குத்தான் கொட்டாவி. ஆனா இனிமே அதுக்குப் பேரு 'அக்காவும் கொட்டாவியும்'. அக்கா பேரு முன்னாடி. மேடம், நீங்க... உங்களுக்கு நிஜமாவே இவர்..." என்று தொடங்கியவர், காப்பாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கு வம்பு" என்று முடித்தார். வானிலைக்காரர் அன்று கடும் மழை என்று அறிவித்தார். வெயில் கொளுத்திற்று.

கொட்டாவி வீட்டுக்குச் சென்றபோது அம்மா கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"மூணு மாசம் அவ பேசாம இருந்தாளாமே! அப்படி என்னடா பண்ணே அந்தப் பொண்ணை?"

"அம்மா, உனக்குப் பொண்ணே கிடையாதும்மா."

"மறுபடியும் ஆரம்பிக்கறியா? ஊரே கேட்டுச்சு, மன்னிப்புக் கேட்டே. ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. பக்கத்து வீட்ல எல்லாம் சொல்லிட்டேன்." என்றவர் அன்று மாலை, ஐந்தாண்டுகளுக்குப் பின், மாடிப்படியில் நிதானமாக இறங்கி, எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் நின்று பேசினார்.

ஞாயிறன்று காப்பாளர் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்தார். பன்னிரண்டரைக்குள் சமையலறை டப்பாக்கள் அனைத்திலும் பெயர் எழுதி ஒட்டியாயிற்று. ஒரு மணிக்குத் துண்டுகளை எவ்வாறு மடிக்க வேண்டும் என்பதைப் பற்றி அவரும் அம்மாவும் ஒத்த கருத்துக்கு வந்தனர். இருவரும் சேர்ந்து கொட்டாவியின் அலமாரியைத் திறந்து பார்த்து, இருவரும் சேர்ந்து பெருமூச்சு விட்டனர்.

சாப்பிட்டபின், காப்பாளர் கைகழுவச் சென்ற நேரம், அவருடைய பையிலிருந்து ஓர் அட்டை எட்டிப் பார்த்தது. கொட்டாவி மெல்ல இழுத்துப் பார்த்தார். எண் நானூற்றுப் பதின்மூன்று. 'தம்பியைப் பிடிக்குமா?' என்ற கேள்விக்கு எதிரே, பென்சிலில், 'ஓரளவு' என்று எழுதியிருந்தது.

"அதை ஏன் எடுத்தே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"இல்ல... மத்த அட்டை எல்லாம் பேனாவுல இருக்கே. இது மட்டும் பென்சில்ல..."

"ஓரளவுங்கறது கூடலாம், குறையலாம். அது நீ நடந்துக்கறதைப் பொறுத்தது." காப்பாளர் ஈரக்கையைச் சரியாக மடித்த துண்டில் துடைத்தார். "எழுபத்தேழாம் நம்பரை நாலாவது அடுக்குல திருப்பி வெச்சுட்டேன். அவசரப் பெட்டி இப்ப காலியா இருக்கு. அந்த வயலின் டேப் எங்கே?"

கொட்டாவி அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தார். வயலின் நாடாவை எங்கே வைத்தோம் என்பது அவருக்குச் சுத்தமாக நினைவில்லை.

அறையில் மௌனம் நிலவிற்று. காப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சரியாகப் பதினான்காவது விநாடியில் கொட்டாவி வாய் திறந்தார்.

"அக்கா, நான் பொறந்தப்ப என்ன நடந்துச்சுன்னா..."

காப்பாளர் பையிலிருந்து அழிப்பானை எடுத்தார்.